வாயில்லாத டிவிடி பிளேயர்

வீட்டுச் சாதனங்கள் நீடித்து உழைக்க வேண்டும் என்பதில் அரசாங்கத்துக்கு இருந்த அக்கறையைச் சொல்லி மாளாது. அதற்கென்றே ஓர் ஆயுள் சோதனை அலுவலகம் இருந்தது. அங்கே டிவிடி பிளேயர் பிரிவைப் பார்த்துக்கொண்ட சோதனை அதிகாரி, வேலையில் அப்பழுக்கில்லாதவர். எந்த மாடல் வந்தாலும் சிடி வைக்கும் தட்டைத் திறந்து மூடி, திறந்து மூடி, விரல் மரத்துப்போகும்வரை சோதிப்பார். தட்டு திணறாமல் வந்து போனால், 'நெடுநாள் உழைக்கும்' என்று பெட்டியின் மேல் முத்திரை ஒட்டிவிடுவார்.

ஒரே ஒரு சின்ன விஷயம். தட்டில் சிடி வைத்து அவர் சோதித்ததே இல்லை. சிடி பொழுதுபோக்குப் பொருள். அலுவலக நேரத்தில் பொழுதுபோக்கு கூடாது என்பது விதி.

அப்படி முத்திரை பெற்ற பிளேயர் ஒன்று அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. மனைவி ஆசை ஆசையாகத் தங்கையின் கல்யாண சிடியை இரவல் வாங்கிவந்து வைத்தாள். தட்டு அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. போனதுதான். பொத்தானை அழுத்தினால் யாரோ பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் மட்டும் வந்தது.

"என்னங்க, வாயைத் திறக்க மாட்டேங்குது! இருக்கறதே இந்த ஒரு காப்பிதான். எங்கப்பா வாழ்க்கையிலேயே சிரிச்சது இதுல மட்டும்தான். வர்ற கல்யாண நாளுக்கு எல்லாரும் சேர்ந்து பார்க்கணும்னு தங்கச்சி சொல்லிச் சொல்லிக் கொடுத்தா. இல்லேன்னா ஜென்மத்துக்கும் எங்கூடப் பேச மாட்டா."

"பதறாதே."

"ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தா..."

"தொடாதே! முத்திரை கிழிஞ்சா கருவியோட ஆயுள் முடிஞ்சதா அர்த்தம். ஒட்டினவனே கிழிக்கறதா?"

மறுநாள் முறைப்படி மேலதிகாரியிடம் போய் நின்றார்.

"சோதனையில தட்டு தேறிச்சா?" என்றார் மேலதிகாரி.

"பிரமாதமா தேறிச்சு சார்."

"அப்ப வீட்டுல புதுசா என்ன பண்ணீங்க?"

"சிடி வெச்சோம் சார்."

"பாத்தீங்களா! நல்லா இருந்த மெஷின் வாயில எதையோ கொண்டுபோய்த் திணிச்சிருக்கீங்க. அது என்ன பண்ணும், பாவம்?"

அதிகாரிக்கு அது நியாயமாகவே பட்டது. நாற்காலியில் உட்கார்ந்தவர் சொன்னால் அவருக்கு எதுவும் நியாயமாகத்தான் படும்.

உடனே 'வட்டத்தகடு இயக்கக் கருவி வாய்ப்பகுதி உயர்நிலை ஆய்வுக் குழு' அமைக்கப்பட்டது. குழு கூடியது, குளிர்பானம் குடித்தது, உண்மையைக் கண்டுபிடித்தது. தட்டு மாட்டிக்கொள்வது வாயால். தூசி போவது வாயால். சிடி நுழைந்து மோட்டார் தேய்வதும் அதே வாயால். ஆகவே வாயை எடுத்துவிடுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

புது மாடல் வந்தது. நாலு பக்கமும் மூடிய, வழவழப்பான பெட்டி. முன்னால் ஒரு நீல விளக்கு. அழுத்தப் பொத்தானே இல்லாததால் அதிகாரியின் சோதனை உட்காருவதற்குள் முடிந்துவிட்டது. இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி ஒரு குறையில்லாத கருவியை அவர் கண்டதில்லை. மனம் நெகிழ்ந்துபோய் இரண்டு முத்திரை ஒட்டினார்.

ஊரே பைத்தியம் பிடித்து அலைந்தது. பழைய பிளேயரைக் கொடுத்துவிட்டுப் புதிதை வாங்கிக் கூடத்தில் வைத்தார்கள்.

"கெட்டே போகாதாமே?" என்பார் வந்தவர்.

"எப்படிங்க கெடும்? விளக்கு எரியுது பாருங்க!" என்பார் வீட்டுக்காரர்.

பக்கத்து வீட்டு அம்மா அதிகாரியின் மனைவியிடம், "இன்னும் வாய் வெச்ச மாடலா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த அழுகை மாடலுக்காக அல்ல. கல்யாண நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

கல்யாண நாளன்று தங்கை, கணவனும் உறவுக்காரர்களும் புடைசூழ வந்து இறங்கினாள்.

"அக்கா, சிடி எங்கே?"

மனைவி கணவரைப் பார்த்தாள். கணவர் விட்டத்தைப் பார்த்தார். "அது அரசாங்கப் பாதுகாப்புல பத்திரமா இருக்கும்மா," என்றார்.

தங்கையின் உதடு துடித்தது. "அத்தான், அதுல எங்கப்பா..."

அவ்வளவுதான். மனைவி விறுவிறுவென்று சமையலறைக்குப் போய்க் கத்தியோடு வந்தாள். அதிகாரி கண்ணை இறுக மூடிக்கொண்டார். முத்திரை கிழிந்தது, பெட்டி பிளந்தது, ஸ்பிரிங் ஒன்று பறந்து பீரோவுக்கு அடியில் போனது. சிடி ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தது. அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

"போடுங்க அத்தான், பார்க்கலாம்!"

எதில் போடுவது? தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். எல்லா வீட்டிலும் நீல விளக்குதான் எரிந்தது. தங்கை வீட்டிலும் போன வாரமே மாற்றியாகிவிட்டது.

வாடிய முகத்தோடு திரும்பிவந்து உட்கார்ந்தார்கள். தங்கை சிடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். சட்டென்று முகம் மலர்ந்தது.

"அக்கா! நான் தெரியறேன்!"

எல்லோரும் முண்டியடித்து எட்டிப் பார்த்தார்கள். அவரவர் முகம் அவரவருக்குத் தெரிந்தது.

"அடேயப்பா, என்ன தெளிவு!" என்றான் மாப்பிள்ளை.

"கரண்ட்டே இல்லாம!" என்றார் அதிகாரி.

"அப்பா எங்கடி?" என்று மனைவி மட்டும் தேடினாள்.

"எல்லாரும் இப்படி மறைச்சுக்கிட்டு நின்னா எப்படித் தெரிவார்? கொஞ்சம் தள்ளுங்க!" என்றாள் தங்கை.

நியாயம்தானே என்று எல்லோரும் தள்ளி நின்றார்கள். அதிகாரி அவர்களை வரிசையில் நிற்கவைத்தார்.