முருங்கை இலையில் நான் கண்டுபிடித்த பேரியம்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு கண்டுபிடிப்புதான் செய்திருக்கிறேன். அதன் ஆயுள் பதினோரு நாள்.

அப்போது மதுரையில் ஆராய்ச்சி மாணவி நான். இலையின் செல்லுக்குள் கால்சியம் அயனிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்ப்பது என் வேலை. இலைத் துண்டை ஒரு கரைசலில் ஊறவைத்தால் கால்சியம் இருந்த இடத்திலேயே படிந்துவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அது கரும்புள்ளியாகத் தெரியும். புள்ளியில் இருப்பது எந்தத் தனிமம் என்பதை எக்ஸ் கதிர் காட்டிக்கொடுக்கும்.

எம். புதுப்பட்டியில் எங்கள் வீட்டு முருங்கையில் ஒரு கொத்து ஒடித்தேன். மதுரை போகும்வரை வாடக்கூடாது. பட்டாசுக் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கும் அத்தா (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு பாட்டிலை எடுத்துத் தந்தார்.

"அலசித்தான் வச்சிருக்கேன். தண்ணி ஊத்திக் கொண்டுபோம்மா."

மறுவாரம் புள்ளிகளில் கால்சியத்தோடு பேரியமும் தெரிந்தது. முருங்கை பேரியத்தைச் சேமிக்கிறது என்று முடிவுகட்டினேன். (பட்டாசுக் கம்பெனிக்காரர் மகளுக்குப் பேரியம் என்றதும் உறைத்திருக்க வேண்டாமா? நான் எனக்கே பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தேன்.)

"இன்னொரு இலையிலயும் பார்த்தியாம்மா?" என்றார் என் வழிகாட்டி.

"பார்த்தேன் சார்." (அதே கொத்தின் இன்னொரு இலை.)

கருத்தரங்குக்கு அத்தாவையும் வரவழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தேன். பேசி முடித்ததும், வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியை கேட்டார்: "செடிக்கு இவ்வளவு பேரியம் எங்கேர்ந்து வந்தது?"

"மண்ணிலிருந்து மேடம். ரொம்ப ஆழத்திலிருந்து."

அத்தா எழுந்து நின்றார்.

"குறுக்க பேசுறேன்னு நெனைக்காதீக. நான் இந்தப் பிள்ளையோட அத்தா. கொத்து வந்தது ஏம் பாட்டில்லதேன். பச்சை வெளிச்சத்துக்குப் போடுற பேரியம் உப்பு அதுல இருந்துச்சு. ரெண்டு தடவை அலசுனேன்."

அரங்கமே சிரித்தது. ஓடலாம் என்றால் கதவு அத்தாவுக்குப் பின்னால் இருந்தது.

பேராசிரியையும் சிரித்துவிட்டுச் சொன்னார்: "அலசின பாட்டில்ல மிஞ்சினதை இலை குடிச்சிருக்கு. அதையும் இந்தப் பொண்ணு செல்லுக்குள்ள காட்டியிருக்கா. முறை சரியாத்தான் இருக்கு. வேற இலையில திரும்பச் செய்யட்டும்."

செய்தேன். வெறும் கால்சியம். அதற்கே பட்டம் கொடுத்தார்கள்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அத்தா முதலில் சொன்னது இந்தக் கதையைத்தான். வாய்விட்டுச் சிரித்தவரையே கல்யாணம் செய்துகொண்டேன். இன்றும் குழம்பு கரித்தால் அவர் கரண்டியை நீட்டுவார்: "இது எந்த உப்புன்னு பாத்துச் சொல்லு."

அத்தா மட்டும் சிரிப்பதில்லை.

"வெளையாடாதீக மாப்பிள்ளை. பாத்தாள்னா சொல்லிருவா."