மாத்துத்தேதியும் ஒரு டிப்ளமோவும்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் உள்ள மேடைகள் எல்லாம் ஒரே நாளில் மழையில் கரைந்து போனாலும், அத்தனைக்கும் அடுத்த தேதியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுக்கக்கூடிய ஒரே மனிதர் மாத்துத்தேதிதான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. பின்னால் நாங்கள் சேர்ந்து படித்த வகுப்பில் வருகைப் பதிவுக்கு அந்தப் பெயரைக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே பின்னால் திரும்பிப் பார்ப்பார்.

திண்டிவனத்தில் நாடகத்துக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் ஆட்களைப் பிடித்துக் கொடுக்கிற ஏஜெண்ட் அவர். நிகழ்ச்சி வேண்டும் என்று யார் வந்தாலும், "சரிங்க, மழ வந்தா மாத்துத் தேதி என்னா?" என்பதுதான் முதல் கேள்வி. என் சித்தி மகளின் கல்யாணப் பத்திரிகையை நீட்டியபோதும் வாய் தவறி அதையே கேட்டார். மாப்பிள்ளையின் தாய்மாமன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவரைச் சமாதானப்படுத்த எனக்கு அரை நாள் ஆனது.

இப்படிப்பட்டவர் ஐம்பது வயதில் என்னோடு படிக்க வந்தார். விழுப்புரத்தில் ஒரு மாடியில், ஞாயிற்றுக்கிழமை தோறும் கலை மேலாண்மை டிப்ளமோ வகுப்பு நடந்தது. நிகழ்ச்சிகளையும் கலைஞர்களையும் அரங்கங்களையும் எப்படி நிர்வகிப்பது என்று ஆறு மாதம் சொல்லித் தருவார்கள். அப்போது ஊரில் ஒரு அறக்கட்டளை புதிதாகக் கலையரங்கம் கட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு மேலாளர் தேவை, டிப்ளமோ கட்டாயம்.

"இருவத்தஞ்சு வருசமா மேடைக்குப் பின்னாலயே நின்னுக்கினு இருக்கேம்மா. ஒரு மேச, ஒரு நாற்காலி, என் பேரு எழுதின பலக. அதுக்கு ஒரு காயிதம் வேணுமாம். வாங்கிக்கினு போயிடலாம்னு வந்தேன்" என்றார்.

நானும் அந்த வேலைக்காகத்தான் சேர்ந்திருக்கிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு. ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது கெடைக்கும்" என்று சந்தோஷப்பட்டார். எனக்கு அப்படி ஒரு மனசு அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

வகுப்பில் அவர் சொன்ன பதில்கள் தனி ரகம். உங்கள் இலக்குப் பார்வையாளர்கள் யார் என்று சென்னையிலிருந்து வந்த ஆசிரியர் கேட்டார். "மொத வரிசையில சின்னப் பசங்க சார். ரெண்டாவது வரிசையில அவங்கள அடக்கறவங்க. மூணாவது வரிசைக்குத்தான் சார் நாம நடத்தறோம்." ஒரு நிகழ்ச்சியின் பலவீனங்களைப் பட்டியலிடச் சொன்னால், "பாடறவருக்குச் சளி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். தேர்வுத் தேதியை அறிவித்த அன்று அவர் கையைத் தூக்கினார். என்ன கேட்கப் போகிறார் என்று வகுப்பு முழுவதற்கும் தெரியும். ஆசிரியரே முந்திக்கொண்டு, "மழை வந்தாலும் தேர்வு உண்டு" என்றார். அவருக்கு அதில் திருப்தியே இல்லை.

கடைசி இரண்டு மாதம் செய்முறைப் பயிற்சி. இருவர் சேர்ந்து ஒரு நிகழ்ச்சி நடத்தி, அறிக்கை எழுத வேண்டும். என்னையும் அவரையும் ஜோடி சேர்த்துவிட்டார்கள். முகையூர் பக்கம் ஒரு கிராமத்து மாதா கோயில் திருவிழாவில் நாடகம் என்று முடிவானது. நாடகக் குழு, மேடை, ஒலிபெருக்கி எல்லாம் அவர் பொறுப்பு. நோட்டீசும் அறிக்கையும் என் பொறுப்பு.

நோட்டீசில் ஊர்ப் பெரிய மனிதர்கள் பெயரை எல்லாம் போட்டேன். ஒரே ஒருவர் பெயர் விட்டுப் போனது. அவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கோயிலுக்குப் போகிற வழி அவருடைய மல்லாட்டைக் கொல்லையை, அதாவது வேர்க்கடலை நிலத்தை, ஒட்டித்தான் போகிறது. திருவிழா அன்று மத்தியானம் பாதைக்குக் குறுக்கே டிராக்டரை நிறுத்திவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். நாடகக்காரர்களின் வேன் அந்தப் பக்கம், மேடை இந்தப் பக்கம். நான் அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன்.

மாத்துத்தேதி நேராகப் பட்டாளத்துக்காரர் வீட்டுக்குள் போனார். ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஆள் வெளியே வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். இவர் தரையில் உட்கார்ந்து கேப்பைக் களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பட்டாளத்துக்காரர் எல்லையில் பனி எத்தனை அடி விழும் என்று கையால் அளந்து காட்டிக்கொண்டிருந்தார்.

ஐந்து மணிக்கு டிராக்டர் கிளம்பியது. முன்னால் பட்டாளத்துக்காரர் ஓட்டிக்கொண்டு வர, பின்னால் டிரெய்லரில் நாடகக்காரர்கள் பெட்டி படுக்கையோடு மேடைக்கு வந்து இறங்கினார்கள். அன்று ஒலிபெருக்கியில் பட்டாளத்துக்காரர் பெயர் பத்து தடவையாவது ஒலித்திருக்கும்.

"நோட்டீசு நாளைக்கு மல்லாட்ட மடிக்கத்தான் ஆவும். மைக்குல சொன்னா ஊரே கேக்கும்னு சொன்னேன். அவ்ளோதாம்மா" என்றார் மாத்துத்தேதி.

நான் அறிக்கை எழுதினேன். களியை எழுதவில்லை. டிராக்டரை எழுதவில்லை. என் நோட்டீசில் விட்டுப்போன பெயரை எழுதவே இல்லை. 'சம்பந்தப்பட்டவர்களுடன் முன்கூட்டியே ஆலோசனைக் கூட்டம் நடத்தி இடர்கள் தவிர்க்கப்பட்டன' என்று எழுதி, நடக்காத கூட்டத்துக்கு ஒரு கட்டம் போட்ட அட்டவணையும் சேர்த்தேன். அவர் அதைப் படித்துப் பார்க்கவில்லை. என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

வாய்மொழித் தேர்வு நடத்த வெளியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அந்த ஆலோசனைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று மாத்துத்தேதியிடம் கேட்டார்.

"கூட்டம்லாம் இல்லீங்க சார். அவரு வீட்ல குந்திக்கினு களி துன்னேன்" என்று தொடங்கி, நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். நோட்டீசு யார் அடித்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

தேர்வாளர் அறிக்கையைப் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். "எது உண்மை?"

எனக்கு அந்த மேலாளர் நாற்காலிதான் கண்ணில் தெரிந்தது. "அறிக்கையில் இருக்கிறதுதான் சார்" என்றேன்.

மாத்துத்தேதி ஒரே ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தேர்வாளரிடம், "ஆமாங்க சார். வேற ஊரு கதைய இங்க கொண்டாந்து சொல்லிட்டேன் போலருக்கு. வயசாவுதுல்ல" என்றார்.

குழுப் பணியில் பங்களிப்பு இல்லை என்று அவருக்குத் தேர்ச்சி கொடுக்கவில்லை. நான் முதல் வகுப்பு.

படிக்கட்டில் இறங்கும்போது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரே பேசினார். "மேடையில இருக்கறவங்க தடுமாறினா பின்னால இருக்கறவன் சமாளிக்கணும்மா. அதத்தான அந்த சாரு ஆறு மாசமா இங்கிலீஷ்ல சொல்லிக்கினு இருந்தாரு."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேலாளர் வேலை எனக்குத்தான் கிடைத்தது. அவர் மறுபடியும் தேர்வு எழுதவில்லை. என்னைப் பிடித்து உலுக்கிக் கேட்பார் என்று ஆறு வருடமாகக் காத்திருக்கிறேன். எங்கள் அரங்கத்துக்கு ஆட்களை அழைத்துக்கொண்டு வருகிறார், மேடைக்குப் பின்னால் நிற்கிறார், போய்விடுகிறார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தால், "அத வுடும்மா, மைக்கப் பாரு" என்கிறார்.

சென்ற மாதம் திண்டிவனத்தில் நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கு ஒருநாள் பயிற்சி வகுப்பு எடுத்தேன். கடைசி வரிசையில் புது நோட்டோடு அவர் உட்கார்ந்திருந்தார். ஒரு நல்ல நிர்வாகிக்கு உதாரணமாக டிராக்டர் கதையைச் சொன்னேன். 'ஒருவர்' என்று மட்டும் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு தன் கதையைத் தானே கவனமாக நோட்டில் எழுதிக்கொண்டார். அப்போதுகூட அந்த ஒருவர் யார் என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. இதோ, இப்போதுதான் எழுதுகிறேன்.

சாயங்காலம் கலந்துகொண்டவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தேன். அவரும் வரிசையில் நின்று வந்தார். அவருடைய சான்றிதழில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். "நல்லா அழுத்திப் போடும்மா, வூட்ல மாட்டப் போறேன்" என்றார்.

மேலே பயிற்சி பெற்றவர் என்று அவர் பெயர். கீழே பயிற்சி அளித்தவர் என்று என் கையெழுத்து. உலகத்திலேயே இதைவிடப் பெரிய பிழையுள்ள சான்றிதழை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.