உதியன்குளங்கரை ஸ்பீக்கரின் இரண்டு ஓட்டு

இந்தியாவில் சபையை ஒழுங்காக நடத்தத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் டெல்லியில் இல்லை. கேரள எல்லையோரம் உதியன்குளங்கரை முக்கில் சாயாக்கடை வைத்திருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஸ்பீக்கர் கடை என்றால் பஸ் கண்டக்டரே இறக்கிவிடுவார்.

கடையில் இரண்டே பெஞ்சு. அவருக்கு வலப்பக்கம் ஆளுங்கட்சி, இடப்பக்கம் எதிர்க்கட்சி. திருவனந்தபுரத்தில் ஆட்சி மாறினால் இங்கே எல்லாரும் எழுந்து பெஞ்சு மாற வேண்டும். மாட்டேன் என்று அடம்பிடித்த பெருங்கடவிளை ஆசாமி ஒருவர் இன்றைக்கும் சுயேச்சையாக நின்றுகொண்டே குடிக்கிறார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் கரண்டியால் பாய்லரில் ஒரு தட்டு. "எலே மக்கா, ஒருத்தன் பேசணும், மத்தவன் கேக்கணும். இது சபையாக்கும்!" பால் தீர்ந்தால் சபை ஒத்திவைப்பு.

அவர் மட்டும் எதற்கும் கருத்துச் சொல்லமாட்டார். "ஸ்பீக்கருக்கு கட்சி கிடையாது, கேட்டியா? ரெண்டு பக்கமும் சமமா வந்தா மட்டும் ஒரு ஓட்டு உண்டு."

ஒருமுறை வாழைப்பழ பஜ்ஜியான பழம்பொரியை நிறுத்திவிட்டு உள்ளிவடை, அதாவது வெங்காய வடை, போடலாமா என்று வாக்கெடுப்பு நடந்து, சமமாக வந்து நின்றது. ஸ்பீக்கர் கை தூக்கினார். "சமமா வந்தா இருக்கது இருந்தபடியே இருக்கட்டும். அதாக்கும் முறை." பழம்பொரி பிழைத்தது. இத்தனைக்கும் அவருக்கு உள்ளிவடை என்றால் உயிர்.

இந்த மனிதரின் மகள் ஜெசியைத்தான் நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் விஷயம் வீட்டுச் சபைக்கு வந்தது. என்னைப் பார்வையாளர் மாடத்தில், அதாவது வாசல்படியில், உட்காரவைத்தார்கள்.

ஜெசியின் அண்ணன் எழுந்தான். "இவன் களியக்காவிளைக்காரன். ஓட்டு தமிழ்நாட்டுலயாக்கும். நாளைக்கு இவளும் அங்கபோயி வரிசையில நிக்கணுமா?"

பஸ் ஏறினால் ஒரு குட்டித் தூக்கம்கூடப் போட முடியாத தூரம்! ஆனால் தாய்மாமன் மேசையைத் தட்டி ஆமோதித்தார். ஜெசியின் அம்மா, "பையன் நல்லவனாக்கும்" என்று எங்கள் பக்கம் கை தூக்கினார். ஜெசியும் தூக்கினாள். இரண்டுக்கு இரண்டு.

எனக்குப் பழம்பொரி ஞாபகம் வந்தது. இருப்பது இருந்தபடி என்றால் அவள் வீட்டுக்குள், நான் வாசல்படியில்.

ஸ்பீக்கர் தொண்டையைச் செருமினார். "சமம். இருக்கது இருந்தபடியே இருக்கட்டும்."

ஜெசி அழத் தொடங்கிவிட்டாள்.

"எதுக்குடி கரையுத? வருசக்கணக்கா நீங்க ரெண்டுபேரும் கடைக்கு எதிர்த்த பஸ் ஸ்டாப்புல ஒண்ணாத்தானே நிக்கிதிய? சாயா ஆத்துறவனுக்கு கண்ணு இல்லையா? இருக்கதுண்ணா அதாக்கும். அதப் பிரிக்க இந்தச் சபைக்கு அதிகாரம் இல்ல. எலே, படியில இருக்கவனே, உள்ள வா!"

உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தேன்.

இன்றைக்கும் நானும் ஜெசியும் சண்டை போட்டால் ஸ்பீக்கர் மாமா எந்தப் பக்கமும் பேசமாட்டார். கரண்டியால் ஒரு தட்டு, அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் அவர் சபையில் போட்டது இரண்டே ஓட்டு. ஒன்று பழம்பொரிக்கு, இன்னொன்று எனக்கு. பழம்பொரிக்கு அடுத்த இடம்தான் என்றாலும், மாமா, எனக்கு அது போதும்.