ஆனா அண்ணன் கழற்றிக் கொடுத்த பம்ப்

சொந்தச் சரக்கை இவ்வளவு கேவலமாகப் பேசி விற்கும் வியாபாரி தமிழ்நாட்டில் மட்டுமல்ல, அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகத்திலும் பிறந்திருக்க மாட்டார்.

பழைய பெட்டி மாடல் கார் வைத்திருக்கும் பைத்தியங்களான எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் அந்த வியாபாரி, உடைக்கப் போகும் கார்களிலிருந்து பாகங்களைக் கழற்றி அந்தக் குழுவில் விற்பார். 'ஹெட்லைட் இருக்கு, சூப்பர் கண்டிஷன்' என்று ஆரம்பிப்பார். அடுத்த வரியிலேயே 'ஆனா' வந்துவிடும். ஆனா மழை பெய்தால் உள்ளே தண்ணீர் கோக்கும். ஆனா ரோட்டைவிட மரத்தைத்தான் அதிகம் காட்டும். இப்படித்தான் அவர் எங்களுக்கு ஆனா அண்ணன் ஆனார்.

பெங்களூர்ப் பையன் ஒருவன் ஹாரன் கேட்டான். அண்ணன் அதை அடித்துக் காட்டி ஆடியோ அனுப்பினார். "நோடப்பா, பாத்துக்கோ, சளி புடிச்ச எருமை மாதிரி கத்துது. யோசிச்சு வாங்கு." பையன் அந்தக் கத்தலுக்காகவே வாங்கிக்கொண்டு போனான்.

"இவரு விக்க உக்காந்தா, வாங்க வந்தவங்களே பாவப்பட்டு இவருக்கு டீ வாங்கிக் குடுத்துட்டுப் போவாங்க" என்பார் அவர் மனைவி, எங்கள் எல்லாருக்கும் அக்கா.

ஒரு ஞாயிறு காலை ரேடியேட்டர் ஃபேன் வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். வருஷக்கணக்கில் படுத்துக் கிடந்த அவருடைய சொந்தக் கார் வாசலில் பளபளவென்று நின்றது. வேப்பனப்பள்ளியில் மச்சினிச்சி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அதன் முதல் பயணம். அக்கா பட்டுப்புடவையும் சீர்த்தட்டுமாக முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் குழுவில் அந்தச் செய்தி வந்தது. அஞ்செட்டிக்கு மேலே ஒரு மலைக்கிராமத்துக்காரர் எழுதியிருந்தார். மனைவிக்கு நிறைமாதம், பஸ் அபூர்வம், காரில் ஃப்யூயல் பம்ப் போய்விட்டது, யாரிடமாவது இருக்கிறதா?

அண்ணன் படித்தார். பானெட்டைத் திறந்தார்.

"ஏங்க, கெளம்பற நேரத்துல இன்னா பண்றீங்க?"

"நீ எறங்கிக்க. வண்டி போவாது."

"இப்பதான நல்லா ஓடிச்சு?"

"ஓடிச்சு. பம்ப்ப கழட்டப் போறன்."

அக்கா போனை வாங்கிப் படித்தார். தட்டோடு இறங்கினார். "நான் பஸ்ல போய்க்கறன். நீங்க மொதல்ல அங்க போங்க."

கூரியர்மேல் அண்ணனுக்கு நம்பிக்கை கிடையாது. பம்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு என் பைக்கில் ஏறினார். ஒவ்வொரு மலைவளைவிலும் "மெதுவாப்பா, குலுங்குது" என்றார். ஏதோ நிறைமாதமே அவருக்குத்தான் என்பது போல.

அந்தக் கிராமத்தில் பம்பை மாட்டி முடித்ததும் பழக்கதோஷம் விடவில்லை. "ஓடும்பா. ஆனா மேட்டுல கொஞ்சம் மூச்சு வாங்கும்."

கணவருக்கு முகம் வெளுத்தது. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்தான், "மூச்சு வாங்கறத நான் பாத்துக்கறேண்ணா, நீங்க சாவிய திருப்புங்க" என்றாள்.

வண்டி உறுமிற்று. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்ரோல் நெடி என்றார்.

சில நாள் கழித்துக் குழுவில் ஒரு படம் வந்தது. அதே காரின் பின்சீட்டில், துணிச்சுருளுக்குள் ஒரு பெண் குழந்தை, வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அண்ணனின் கார் இன்னும் பம்ப் இல்லாமல் வாசலில்தான் நிற்கிறது. அவருக்குத் தெரியாமல் நாங்கள் தனியாக ஒரு குழு தொடங்கி, சேலத்திலிருந்து கோலார் வரை பழைய இரும்புக் கடைகளைச் சலித்துக்கொண்டிருக்கிறோம். என் சொந்தக் காருக்காகக்கூட நான் இப்படி அலைந்ததில்லை.