சிவத்தின் படகை நான் இறக்கிய விதம்

என் மைத்துனன் சிவத்தின் மேல் நான் ஒரு பொய்ப்பழி போட்டேன். அவனுடைய படகை மூழ்கடித்தவன் நான். அவன்தான் மூழ்கடித்தான் என்று ஊரையே நம்பவைத்தவனும் நான்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. அலுவலகங்களைத் துப்புரவு செய்து சேர்த்த காசில் சிவம் பழைய படகொன்றை ட்ரெய்லரோடு வாங்கினான். நான் படகோட்டும் எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்திருந்தேன். (கடலில் கால் நனைத்தவனல்ல, புத்தகம் படித்தவன்.) ஆகவே நானே கப்டன். ஒஸ்லோவின் புருசெத்தில் எங்கள் மாடிக்கட்டடத்தின் கீழே படகு நின்றபோது, மழைத்தண்ணீர் வடியட்டும் என்று அதன் அடித்துளையை மூடும் தக்கையைக் கழற்றி ஜக்கெற் பைக்குள் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை படகுத்துறைக்குப் போனோம். நாலரைக்கு இராகு காலம். (அது யாழ்ப்பாணத்து நாலரையா, ஒஸ்லோவின் நாலரையா என்று நான் யோசிக்கவில்லை.) இறக்குமுன் எல்லாவற்றையும் ஒருதடவை பார்ப்போம் என்றான் சிவம்.

“பாத்துக்கொண்டு நிண்டா ராகு காலம் வந்திடும். நீ ஏறு.”

சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, காரைப் பின்னால் எடுத்தேன். ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் ட்ரெய்லர் வலப்பக்கம் போனது. பின்னால் காத்துநின்ற நோர்வேக்காரர் ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஏசியிருந்தால் பரவாயில்லை. ஒருவழியாகப் படகு மிதந்தது. கரையில் நின்ற தன் மனைவி வதனிக்குச் சிவம் கை காட்டினான். காட்டிய கை இறங்குமுன் அவன் சப்பாத்துக்குள் தண்ணீர். பிறகு முழங்கால்வரை. எஞ்சின் பக்கமாகப் படகு சரிந்தது. அவனுக்கு நீந்தத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. நான் தேசிக்காய்களுக்கு நடுவே நிற்க, முன்பின் தெரியாத இரண்டு பேர் அவனை இழுத்தெடுத்தார்கள்.

என்ன நடந்தது என்று வதனி என்னைத்தான் கேட்டாள். என் கை பைக்குள் தக்கையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“தக்கையைப் போடு எண்டு இவனுக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னனான்.”

சிவம் நடுங்கிக்கொண்டே என்னைப் பார்த்தான். “நான் மறந்திட்டன் போல, அத்தான்.”

என்னை நம்பிவிட்டான். பிறகு போன பிறந்தநாள் வீடுகளிலெல்லாம் நான் அதையே சொன்னேன்.

அவன் டாக்சி ஓட்ட அனுமதிப்பத்திரம் எடுக்க விரும்பியிருந்தான். படகுக்குத் தக்கை போடத் தெரியாத மனிசன் ஆக்களை ஏத்தி ஓட்டப்போறாராமோ என்று வதனி கேட்டாள். பிறகு அவன் அந்தக் கதையையே எடுக்கவில்லை. விடிகாலை ரயிலில் துப்புரவு வேலைக்கே போய்வந்தான்.

பல வருடங்கள் கழித்து அவன் வீட்டுக்குப் போய், வதனியின் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். வேறு படகு வாங்கித் தருகிறேன் என்றேன். வதனி எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். சிவம் அவள் போன வாசலைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினான்.

“படகு வேண்டாம், அத்தான். என்ரை பிழை எண்டு எத்தினை பேருக்கு முன்னாலை சொன்னீங்கள்? இதையும் அப்பிடியே சொல்லுங்கோ.”

அதனால் எந்தப் பிறந்தநாள் வீட்டிலும் சாப்பாட்டுக்கு முன் நான் எழுந்து இந்தக் கதையைச் சொல்கிறேன். இராகு காலத்துக்கும் தேசிக்காய்க்கும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிவம் சிரிப்பதில்லை. நான் சிரிப்போடு முடித்துக்கொள்ளப் பார்த்தால் மட்டும் கோப்பையிலிருந்து தலை நிமிர்த்துவான்.

“அத்தான், வதனிக்குச் சொன்னதை விட்டிட்டீங்கள்.”