முப்பத்தாறு வருடம் ஆண்ட ராஜா

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் தங்கை என்னைவிட நலம், அதுதான் இப்போது பிரச்சினை. உங்கள் வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் திருமண நாளுக்குப் பரிசாக, பழைய தலைநகரத்தைப் பார்த்துவர ஒரு நாள் ரயில் சுற்றுலாவுக்கு, வழிகாட்டியோடு சேர்த்து இரண்டு டிக்கெட் அனுப்பியிருந்தீர்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். புகார்தான் வருகிறது. முப்பத்தாறு வருடத்துக்கு முன் கல்யாணப் பேச்சு நடந்த அன்று, "என் தங்கச்சி ரொம்ப அமைதி, நாலு பேர் இருக்குற இடத்துல வாயே திறக்கமாட்டா" என்று உங்கள் வாயால் சொன்னீர்கள். நானும் நம்பினேன். போன ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் முன்னால் அவள் வாயைத் திறந்தாள். திறந்து என்ன சொன்னாள் என்பதை எழுதுகிறேன், உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

குடிநீர் வாரியத்தில் முப்பத்து மூன்று வருடம் மீட்டர் ஆய்வாளராக இருந்தவன் நான், ஒரு நாளும் எந்த இடத்துக்கும் தாமதமாகப் போனதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ரயில் ஏழு பத்துக்கு. நிலையம் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஆகவே நாலே முக்காலுக்குக் கிளம்பினோம். வழியில் பூட்டை இழுத்துப் பார்த்தோமா என்று ஒரு சந்தேகம் வந்தது, திரும்பிப் போய் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன், இரண்டே தடவைதான். நிலையத்தின் கேட்டே திறந்திருக்கவில்லை. திறக்க வந்த ஆள் எங்களைப் பார்த்து, "நேத்து ரயில விட்டுட்டீங்களா சார்?" என்று கேட்டான். உங்கள் தங்கை கண்ணை மூடிக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். மனசுக்குள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது இப்போதுதான் புரிகிறது.

வழிகாட்டி முப்பது வயதுள்ள ஒல்லியான ஆள். பச்சைத் தொப்பி, கையில் பச்சைக் கொடி, கழுத்தில் விசில். ரயிலின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி விதிமுறைகளைச் சொன்னார். எனக்குச் சில சந்தேகங்கள் இருந்தன. எங்கே கூடுவது, எத்தனை மணிக்கு, கழிப்பறை எந்தப் பக்கம், திரும்பும்போதும் இதே இருக்கைதானா என்று எல்லாம் நியாயமான சந்தேகங்கள். பதிலை எழுதிக்கொள்ள வசதியாக ஒவ்வொன்றையும் மூன்று தடவை சொல்லச் சொன்னேன். நாங்கள் பழைய தலைநகரத்துக்கு வந்து சேர்ந்தோம். அவருடைய குரல் வந்து சேரவில்லை. கோட்டை வாசலில் நின்று வாயைத் திறக்கிறார், காற்றுதான் வருகிறது.

உங்கள் தங்கை இரக்கப்பட்டு பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். குடித்தவர் அவள் காதருகே வந்து, "அக்கா, நான் உங்க காதுல சொல்லிடுறேன், நீங்க சத்தமா சொல்லிடுங்க" என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கூடாது என்று நான் தெளிவாகத் தலையை ஆட்டினேன். நான் தலையை ஆட்டியது தெரிந்ததாம், எந்தப் பக்கம் ஆட்டினேன் என்பது மட்டும் தெரியவில்லையாம். மச்சான், உங்கள் தங்கையின் குரல் இத்தனை வருடமாக அடுப்படியிலிருந்து கூடம் வரைக்கும்தான் வந்திருக்கிறது. அன்று அது கோட்டைச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. மதில் எத்தனை அடி, எந்த வருடம் கட்டியது, எத்தனை பேர் கல் சுமந்தார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல இவள் முழங்கினாள். அதுவரைக்கும் குறையொன்றும் இல்லை.

இரண்டாவது வாசல் தாண்டியதும் அந்த மனிதருக்குக் காதில் சொல்லவும் குரல் இல்லாமல் போய்விட்டது. கொடியை இவள் கையில் கொடுத்துவிட்டு, டிக்கெட் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார்.  சொல்லவேண்டியதை அவர் முன்கூட்டியே இவளிடம் சொல்லிவிட்டார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். நான் வாசலில் ஒரு பழைய மழைநீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். நான் உள்ளே போவதற்குள் உங்கள் தங்கை கூட்டத்தை அரச சபைக்கு அழைத்துப் போயிருந்தாள்.

நடுவே ஒரு கல் ஆசனம், காலியாக இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

"இங்க உக்காந்து ஆண்ட ராஜா முப்பத்தாறு வருஷம் ஆண்டாரு. ரொம்ப நல்லவரு. எங்க போனாலும் சீக்கிரமா போயிடணும் அவருக்கு. ஒரு தடவ போருக்குக் கிளம்பி அவ்வளவு சீக்கிரமா போயிட்டாரு, எதிரி இன்னும் வீட்ட விட்டே கிளம்பல. பாதி வழியில கோட்டைக் கதவ சாத்துனோமான்னு சந்தேகம் வந்து, மொத்தப் படையையும் திருப்பிக் கூட்டிட்டு வந்தாரு. வந்து பார்த்தா கதவு சாத்தித்தான் இருந்துச்சு. அதுக்குள்ள எதிரி வந்து, யாரையும் காணோம்னு திரும்பிப் போயிட்டான். அதையும் வெற்றின்னுதான் கல்வெட்டுல போட்டிருக்கு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. உள்ளதைச் சொல்கிறேன், எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான்தான். எங்களோடு சுற்றுலா வந்து பக்கத்தில் நின்ற ஒரு தையல்காரரிடம், "சரியான கிறுக்கு ராஜாவா இருந்திருப்பான் போல" என்றுகூடச் சொன்னேன். அடுத்து அவள், "காலையில எந்திரிச்சதும் கிரீடத்தக் காணோம்னு அரண்மனையையே தலைகீழாப் புரட்டுவாரு. ராணி வந்து, உங்க தலையிலதான் இருக்குன்னு சொல்லுவாங்க. நீ ஏன் முதல்லயே சொல்லலன்னு ராணி மேல கோபம் வரும்" என்றாள். நான் சிரித்துக்கொண்டே, கண்ணைத் துடைத்துவிட்டுக் கண்ணாடியைத் தேடினேன். சட்டைப் பையில் இல்லை. கைப்பையில் இல்லை. தையல்காரர்தான், "நெத்தியில இருக்கு சார்" என்றார்.

கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டேன் மச்சான். முப்பத்தாறு வருடம். அந்தக் கணக்கு அப்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. நீரூற்று இருந்த இடத்தில் நின்று, "ராணி குளிக்க இறங்குனா ராஜா வெளிய நின்னு எண்ணிக்கிட்டே இருப்பாரு. நூறு வந்ததும் தண்ணிய நிறுத்திடுவாரு" என்றாள். நான் இருநூறு வரைக்கும் எண்ணுவேன். வரலாற்றைத் திரிப்பது என்றால் இதுதான். இதை அங்கேயே மறுக்க வாயெடுத்தேன். மறுத்தால் ராஜா யார் என்று முப்பது பேருக்கும் தெரிந்துபோகுமே என்று மூடிக்கொண்டேன். என்னை வைத்தே என்னைக் கட்டிப்போட்டுவிட்டாள் உங்கள் தங்கை.

இதுவரைக்கும் எழுதியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தப்புரத்தில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது, ஒரு ஆள் தலையை மட்டும் நீட்டலாம். கல்யாணமாகி ஒரு மாதமே ஆன பெண் ஒருத்தி எங்கள் குழுவில் இருந்தாள். அவள் அந்த ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு, "ராணி சந்தோஷமா இருந்தாங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். உங்கள் தங்கை அந்த ஜன்னலையே பார்த்தாள். கொடியைச் சுருட்டினாள், விரித்தாள்.

"ராஜா கெட்டவரு இல்லம்மா. கை நீட்டுனது இல்ல, கெட்ட பழக்கம் இல்ல, ராணிக்கு எதுலயும் குறை வெச்சது இல்ல. தினம் சாப்பாட்டுல உப்பு சரியா இருக்கான்னு சொல்லுவாரு. ஆனா இந்த முப்பத்தாறு வருஷத்துல ஒரு நாள்கூட, நீ சாப்பிட்டியான்னு ராணிய ஒரு வார்த்த கேட்டது இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. தையல்காரர், "என்ன மனுஷன்யா அந்த ராஜா" என்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ராஜான்னா ஆயிரம் வேலை இருக்கும், ஊர்த் தண்ணிப் பிரச்சினையெல்லாம் பார்க்கணும்ல" என்று சொல்லிவிட்டேன். அத்தனை பேரும் என் மேல் பாய்ந்தார்கள். ஒரு வார்த்தை கேட்க எவ்வளவு நேரம் ஆகும் என்று தையல்காரர் கேட்டார். அந்தப் புதுப்பெண் தன் கணவனிடம், "பாத்துக்கோங்க, இவரு மாதிரி ஆளுங்கதான் ராஜாவுக்கு சப்போர்ட் பண்ணுவாங்க" என்றாள். அவன் அந்த இடத்திலேயே அவளைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்டான். கையில் பிஸ்கட்டோடு நின்றவளிடம் கேட்கிறான் மச்சான். எல்லோரும் கை தட்டினார்கள்.

"அப்புறம் ராணி என்னதான் பண்ணாங்க?" என்று எல்லோரும் கேட்டார்கள். அதை மேலே கோபுரத்தில் சொல்கிறேன் என்றாள். நூற்றுச் சொச்சம் படி. மூட்டு வலி என்று கீழேயே உட்கார நினைத்திருந்தவன் எல்லோருக்கும் முன்னால் ஏறினேன். அங்கிருந்து ரயில் நிலையம் தெரிந்தது, தண்டவாளம் நேராகப் போவது தெரிந்தது. உங்கள் தங்கை அதையே பார்த்துக்கொண்டு, "ஒரு நாள் ராணி ஒரு பையில துணி எடுத்து வெச்சாங்க. அதுக்கப்புறம் நடந்தத ரெண்டு விதமா சொல்றாங்க" என்றாள். அந்த நேரம் பார்த்துக் கீழே வழிகாட்டி விசில் ஊதிவிட்டார். ரயிலுக்கு நேரமாகிவிட்டதாம். வாழ்க்கையில் முதல் தடவையாக, ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று நான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

திரும்பும்போது அவளைச் சுற்றி ஒரே கூட்டம், எனக்கு அவள் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. தையல்காரர் அவளிடம் ரவிக்கை அளவு கேட்கிறார், இலவசமாகத் தைத்துத் தருகிறாராம். வழிகாட்டி ஒரு காகிதத்தில் ஏதோ எழுதி எழுதிக் காட்டுகிறார், அவள் தலையாட்டுகிறாள். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டாள், செருப்பைக் கழற்றினாள், எப்போதும் போல அமைதியாகிவிட்டாள். கேட்கலாம் என்று மூன்று தடவை வாயெடுத்தேன். உப்பு சரியாக இருக்கிறது என்றுதான் வந்தது.

இன்றோடு மூன்று நாள். அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு பை இருக்கிறது மச்சான். நான் ஆய்வாளராக இருந்தவன், திறந்து பார்த்தேன். உள்ளே மாற்றுத் துணி, பிளாஸ்க், தலைவலித் தைலம். உறவுக்காரர் வீட்டில் விசேஷம் ஏதும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. மீட்டர் ஓடினால் வீட்டில் ஆள் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிற வேலையையே பார்த்துப் பழகிவிட்டேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்கிறவரை அவளும் சாப்பிட்டிருப்பாள் என்றுதான் நினைத்தேன். யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒரு நாள்கூடக் கேட்டதாக நினைவில்லை.

ஆகவே நீங்கள் உடனே கிளம்பி வாருங்கள். பெரியவராக இருந்து இரண்டு விஷயம் செய்ய வேண்டும். ஒன்று, நூறு அல்ல இருநூறு என்பதை அவளை ஒப்புக்கொள்ளச் செய்ய வேண்டும். இன்னொன்று, ராணி போனாளா இருந்தாளா என்று கேட்டுச் சொல்ல வேண்டும். உண்மையில் இரண்டாவது மட்டும் போதும்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கங்கள், சின்னவர்களுக்கு ஆசிகள். எல்லோரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் தங்கையின் கணவன்
(ஓய்வு, குடிநீர் வாரியம்)

பி.கு.: நீங்கள் வரவேண்டாம். மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். உறையை ஒட்டப் பசை எடுக்க அடுப்படிக்குப் போனேன். உங்கள் தங்கை கீழே உட்கார்ந்து எதையோ நறுக்கிக்கொண்டிருந்தாள். பசை எங்கே என்று கேட்கத்தான் போனேன், "நீ சாப்பிட்டியா?" என்று வந்துவிட்டது. அவள் கத்தியை வைத்துவிட்டு எழுந்து வந்து, என் கழுத்தில் கையை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு, "இன்னும் இல்ல" என்றாள். சேர்ந்து சாப்பிட்டோம். உப்பு கொஞ்சம் தூக்கல், நான் சொல்லவில்லை. அந்தப் பை ஞாயிற்றுக்கிழமைக்காம். வழிகாட்டிக்குத் தொண்டை சரியாக ஒரு மாதம் ஆகுமாம், அதுவரைக்கும் இவளையே வரச் சொல்லிச் சுற்றுலாக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள், சம்பளத்தோடு. ராணி போனாளா என்று கேட்டேன். அதையெல்லாம் கோபுரத்தில்தான் சொல்லுவாளாம், வேண்டுமென்றால் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து கேட்கச் சொன்னாள். வாங்கிவிட்டேன். ரயில் அதே ஏழு பத்துக்கு. வீட்டிலிருந்து ஆறு ஐம்பதுக்குக் கிளம்பினால் போதும் என்கிறாள். சரி என்று சொல்லியிருக்கிறேன்.