என் அப்பா எந்த வீட்டிலும் வசிக்கவில்லை

பெறுநர்:
திருமதி பிளெங்கின்சாப் அவர்கள்,
கவுன்சில் வரிப் பிரிவு.

எங்கள் வீட்டில் இன்னும் மிச்சமிருக்கும் மதிப்பையும் மரியாதையையும் திரட்டித் தங்களுக்கு வணக்கம் சொல்லி, கீலி ஹெஸ்லப், வயது பதினாறு, எழுதிக்கொள்வது.

தாங்கள் நலமா? தங்கள் அலுவலக ஹீட்டர் நலமா? இங்கே நான் நலம், முப்பத்தோரு புறாக்களும் நலம், அப்பாவும் அம்மாவும் தனித்தனியே நலம். நீங்கள் எழுதியதோ பதினோரு வரி, கேட்பது ஒரே ஒரு வரி. நானோ பக்கம் பக்கமாக வரி கட்டப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய இரண்டு படிவங்களும் வெள்ளிக்கிழமைக்குள் திரும்பி வர வேண்டுமாம். பெரியவர்கள் இருவரும் பேனாவைத் தொட மறுத்ததால், மூன்று நாளாக மேட்டிலிருக்கும் அப்பாவுக்கும் வீட்டிலிருக்கும் அம்மாவுக்கும் இடையே நடந்து நடந்து என் பள்ளிக்கூட ஷூவின் அடி தேய்ந்துவிட்டது. உட்காரவே முடியவில்லை. இதையும் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

மேட்டுத் தெரு பதினான்காம் எண் வீடு அப்பாவின் பெரியப்பா நார்மனுடையது. அவர் செப்டம்பரில் முதியோர் இல்லத்துக்குப் போனார். அங்கே டாமினோ ஆட்டத்தில் எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார். வீடு காலி, வரி வேண்டாம் என்று நீங்களே எழுதிக்கொடுத்தீர்கள். ஆனால் கொல்லையில் அவருடைய பந்தயப் புறாக்கள் இருக்கின்றனவே, அவற்றை எந்த இல்லம் சேர்த்துக்கொள்ளும்? அப்பா அவற்றைக் கூடைகளில் அள்ளி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார், புதுக் கூண்டு அடித்தார், வர்ணம் பூசினார், இரண்டு வாரம் அடைத்துவைத்துத் தீனி போட்டார், பிறகு பெருமையாகக் கதவைத் திறந்துவிட்டார். கெட்டிலில் தண்ணீர் கொதிப்பதற்குள் முப்பத்தொன்றும் மேட்டுத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. பந்தயப் புறாவுக்கு ஒரு வீடுதான் வீடு. உங்கள் படிவத்தை அவற்றிடம் கொடுத்திருந்தால் ஒரு நிமிஷத்தில் நிரப்பித் தந்திருக்கும்.

அதனால் அப்பா காலையும் மாலையும் மேடேறித் தீனி வைத்துவிட்டு வந்தார். பிப்ரவரியில் அம்மாவுக்கு நாற்பதாம் பிறந்தநாள். உணவகத்தில் மேஜை சொல்லிவைத்து, அம்மா புதுக் கோட்டு போட்டுக்கொண்டு காத்திருந்தாள். அப்பா ஒன்றரை மணி நேரம் கழித்து, தலையில் ஓர் இறகோடு வந்து நின்றார். "ஒண்ணு திரும்பி வரல ஜனீன், எப்படி விட்டுட்டு வர்றது?" என்றார். அம்மா கோட்டைக் கழற்றினாள். "அப்போ அதுங்களோடயே போய்க் குடியிரு" என்றாள்.

எங்கள் பக்கத்தில் கோபத்தில் சொன்னதை யாரும் செய்வதில்லை. அப்பா செய்தார். "சரி" என்று சொல்லி, பல் துலக்கும் பிரஷ்ஷையும் வீட்டுச் செருப்பையும் எடுத்துக்கொண்டு போனவர்தான். பதினோரு வாரம் ஆகிறது. எப்போது வருவாய் என்று அம்மா கேட்கவில்லை, வரட்டுமா என்று அப்பா கேட்கவில்லை. கேட்டால் மானம் போய்விடும். ஆனால் தினமும் ஐந்து மணிக்கு அம்மா மூன்று தட்டில்தான் சாப்பாடு போடுகிறாள். மூன்றாவது தட்டை அலுமினியத் தாளால் மூடி என் கையில் கொடுக்கிறாள். நான் மேடேறுகிறேன். "சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னு சொல்லு பிள்ள" என்பார் அப்பா. நான் இறங்கி வந்து சொல்வேன். "ஓ, நாக்கு மட்டும் இன்னும் இங்கதான் குடியிருக்கோ?" என்பாள் அம்மா. அதை மேலே கொண்டுபோய்ச் சொன்னால் அவர் சிரிப்பார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். தபால்காரருக்காவது சம்பளம் உண்டு.

அங்கே ஆள் இருப்பதை நீங்கள் கண்டுபிடித்தது குப்பைத் தொட்டியால் என்று அறிகிறேன். ஆளில்லாத வீட்டின் தொட்டி, குப்பை வண்டி வரும் வியாழக்கிழமைதோறும் நிறைந்து வாசலில், சக்கரம் நேராக, கைப்பிடி தெருப் பக்கம் பார்த்தபடி நிற்கிறதாம். "அப்பா, ஒளிஞ்சிருக்கிற ஆளு யாராவது தொட்டிய வெளிய வைப்பாங்களா?" என்று கேட்டேன். "அதுக்காக வியாழக்கிழமை தொட்டிய வைக்காம இருக்க முடியுமா?" என்றார், நான் ஏதோ கொலை செய்யச் சொன்னதுபோல.

படிவம் ஒன்று, மேட்டு வீட்டுக்கு: இங்கே வசிப்பவர் யார், எந்தத் தேதியிலிருந்து, இதுதான் முதன்மை வீடா? அப்பா படித்துவிட்டு மடித்துவைத்தார். "நான் இங்க வசிக்கல. புறாவப் பாத்துக்கிறேன், அவ்வளவுதான். இதுல கையெழுத்துப் போட்டா உங்கம்மாவ விட்டுட்டுப் போயிட்டேன்னு எழுத்துல குடுத்த மாதிரி." படிவம் இரண்டு, எங்கள் வீட்டுக்கு: வயது வந்தவர் நீங்கள் ஒருவர்தானா? ஆம் என்றால் கட்டத்தில் குறியிடுக, வரியில் கால்வாசி குறையும். அம்மா பேனாவைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். "காவாசிக்காக என் புருஷன் போயிட்டான்னு கவுன்சிலுக்கு எழுதித் தரணுமா? வேணாம். முழுசா எடுத்துக்கட்டும்." அன்று பாத்திரங்கள் மிகச் சத்தமாகக் கழுவப்பட்டன.

போன வாரம் உங்கள் அலுவலகத்திலிருந்து க்ரெய்க் என்று அட்டை மாட்டிய ஓர் இளைஞர் வந்தார். நல்ல பையன், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. மேட்டு வீட்டில் அப்பாவிடம், "நீங்க இங்கதான் இருக்கீங்களா சார்?" என்று கேட்டார். அப்பா ஷேவிங் நுரையோடு, வீட்டுச் செருப்போடு நின்று, "இல்லையே" என்றார். "அப்ப எங்க தூங்குறீங்க?" "நாற்காலியில." பிறகு இங்கே வந்து அம்மாவிடம், "உங்க வீட்டுக்காரர் இங்க இருக்காரா?" என்றார். "இப்ப இல்ல." "எப்ப வருவார்?" "அத அவர்கிட்டதான் கேக்கணும்." க்ரெய்க் தன் தாளில் எழுதியதை எட்டிப் பார்த்தேன். உங்கள் ஆவணப்படி என் அப்பா எந்த வீட்டிலும் வசிக்கவில்லை. அப்பாவிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு ரொம்ப நேரம் தீனி டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. வெள்ளிக்கிழமை வந்தால் இருவரில் ஒருவர் எதையாவது எழுதியாக வேண்டும். எழுதிவிட்டால் இந்த ஆட்கள் எழுதியபடியே நடப்பார்கள், பிப்ரவரியில் பார்த்தேனே. ஆகவே நேற்று, சாப்பாடு கொண்டுபோன கையோடு மேவிஸ் என்கிற புறாவை ஷூ பெட்டியில் வைத்துக் கடத்திவந்தேன். சமையல் மேஜையில் வைத்தேன்.

"என்னடி இது?"

"தபால். சொல்றத எழுதும்மா, கால்ல கட்டி விட்டுருவோம். நீ அவர் மூஞ்சியப் பாக்க வேணாம்."

"கிறுக்குப் பிள்ள" என்றாள். ஆனாலும் கடை ரசீது ஒன்றைக் கிழித்து, எனக்குக் காட்டாமல் முதுகைத் திருப்பிக்கொண்டு எழுதினாள். நான் நூலால் கட்டினேன். மேவிஸ் கூரைகளுக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மேட்டுப் பக்கம் போனாள். அம்மா அடுப்பைத் துடைத்தாள், துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள். "பதில் எப்ப வரும்?" என்றாள். நான் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் அதுதான். இந்தத் தபால் ஒருவழிப் பாதை. அங்கே போகுமே தவிர அங்கிருந்து இங்கே வராது. பதில் சொல்ல வேண்டுமென்றால் ஆள்தான் வர வேண்டும்.

இருபது நிமிடத்தில் பின்கதவு திறந்தது. அப்பா. கையில் அந்த ரசீது. "இதுல என்ன எழுதியிருக்க? கண்ணாடி இல்லாம படிக்க முடியல" என்றார். கண்ணாடி அவர் தலையில் இருந்தது. அம்மா, "உக்காரு, வாசிச்சுக் காட்றேன்" என்றாள். என்னைக் கடைக்கு அனுப்பினார்கள். என்ன வாங்கிவர வேண்டும் என்று யாருமே சொல்லவில்லை.

ஆகவே உறுதிமொழி: கார்ல் ஹெஸ்லப் வசிப்பது எங்கள் வீட்டில். மேட்டு வீடு காலி. இங்கே பெரியவர்கள் இருவர், கால்வாசித் தள்ளுபடி எங்களுக்கு வேண்டாம். இருவரும் கையெழுத்திட்ட படிவங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

தங்கள் பேனாக்களில் மை வற்றாதிருக்கட்டும், தங்கள் தேநீர் இடைவேளை நீளட்டும், க்ரெய்க்கின் சளி தீரட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
கீலி ஹெஸ்லப்.

பி.கு.: உறையை ஒட்டும் முன் ஒரு சிறு திருத்தம். இன்று வெள்ளி. செவ்வாய்க்கிழமை மேட்டு வீட்டில் இரண்டு குஞ்சு பொரித்தது. "ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன்" என்று அப்பாவோடு போன அம்மா, மறுநாள் தலையணைக்கு ஆள் அனுப்பினாள், ஆள் நான்தான். "குஞ்சு பெருசாகிற வரைக்கும்தான்டி" என்கிறாள். எனவே மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிட்டு, மேட்டு வீட்டில் இருவர் என்று எழுதிக்கொள்ளுங்கள். இங்கே இருப்பது நான் ஒருத்திதான். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று உங்கள் படிவத்தின் பின்பக்கமே சொல்வதால், இந்த வீட்டில் யாரும் இல்லை. சனிக்கிழமை இங்கிருந்து பாட்டுச் சத்தம் கேட்கிறது என்று பக்கத்து வீட்டார் புகார் எழுதினால், பெரியவர் யாருமே இல்லாத வீட்டில் சத்தம் எப்படி வரும் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.